பனி தூக்கிய பெட்டி

லடாக்
9 ஜூன் 2025

பிரவீனா அண்ணிக்கு,

ஜான்சன் எழுதுகிறேன். கவரின் பின்னால் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ஐந்து வருஷமாக என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறீர்கள். வேறு நம்பரில் கூப்பிட்டாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் காகிதம்.

உங்களுக்கும் ஜீவிதாவுக்கும் சமாதானம் உண்டாகட்டும். ஜீவிதா இப்போது மூன்றாவது படிப்பாள் என்று நினைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனை வைத்த இடத்துக்கு வருஷா வருஷம் பனி இளகியதும் போய்வருகிறேன். அண்ணனும் நானும் பாலத்துக்கு வெல்டிங் செய்த கேம்ப் மேலே, கணவாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அந்த வேலை முடிந்து கேம்பைக் கலைத்துவிட்டார்கள். நான் இப்போது கீழே ஆற்றோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். இங்கே காய்கறி வளர்க்கிற கண்ணாடித்தாள் கூடாரங்களுக்குக் குழாய்ச் சட்டம் பற்றவைத்துக் கொடுப்பது என் வேலை. இங்கிருந்து மேலே போக லாரியில் பாதி நாள் ஆகும்.

முதல் வருஷம் கேம்பிலிருந்து போய்ப் பார்த்தபோது, கல்லறை மேல் அடுக்கியிருந்த கற்கள் இடம் மாறிக் கிடந்தன. மாடு ஏறியிருக்கும் என்று நினைத்துத் திரும்ப அடுக்கினேன். அடுத்தடுத்த வருஷங்களில் சிலுவை சாய்ந்திருந்தது. நானே பற்றவைத்து நானே ஊன்றிய இரும்பு அது. போன வருஷம் அது ஒரு சாண் மேலே எழும்பி நின்றது. யாரோ பிடுங்கப் பார்த்தார்கள் என்று எண்ணி, சம்மட்டியால் அடித்து இறக்கினேன்.

இந்த வருஷம் பெட்டியின் மூலை வெளியே தெரிகிறது.

தலைமாட்டுப் பக்கம். யாரும் தோண்டவில்லை, நாய் பறிக்கவில்லை. மண்தான் தூக்கியிருக்கிறது. இப்போதைக்கு மேலே தார்ப்பாய் போட்டுச் சுற்றிலும் கல் வைத்துவிட்டு வந்தேன். அக்டோபர் பிறந்தால் மண் மறுபடி இறுகத் தொடங்கும். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். போன தடவை உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்பதுதானே உங்கள் கோபம். இந்தத் தடவை நீங்கள் சொல்லாமல் கை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு
ஜான்சன்


ஐயம்பேட்டை
24 ஜூன் 2025

ஜான்சன்,

உன் கடுதாசி வந்துது. ரெண்டு வாட்டி படிச்சேன். படிச்சி முடிச்சிட்டு ஜீவிதா கண்ணுல படாம அரிசி டப்பாவுக்குப் பின்னாடி வெச்சிட்டு வேலைக்குப் போயிட்டேன்.

அஞ்சு வருஷம் கழிச்சி என் புருஷன் மண்ணுலேருந்து வெளிய வராருன்னு எழுதறே. நான் என்னான்னு நெனைக்கிறது?

அன்னிக்கு நீ போன் பண்ணி, அண்ணன் போயிட்டான் அண்ணின்னு சொன்னே. முகத்தக் காட்டுன்னு கேட்டேன். சிக்னல் இல்லன்னே. அப்புறம் ஒரு போட்டோ வந்துது. பலகைப் பெட்டி ஒண்ணு, அது மேல கல்லு. அதுல எங்கயாவது ஜோசுவா தெரிஞ்சாரா? அந்த ஒரு போட்டோவ வெச்சிக்கினு எல்லாரும் என்னைத் தாலிய கழட்டச் சொன்னாங்க. கழட்டினேன். இன்னிக்கும் யாராவது உன் புருஷன் எப்படிப் போனாருன்னு கேட்டா, தெரியலன்னுதான் சொல்றேன். பொய் இல்ல அது.

அப்ப கேட்டதையே இப்பவும் கேக்கறேன். அது ஐஸ் ஊருதானே. ஒரு மாசம் வெச்சிருந்தா என்னா கெட்டுப் போயிருக்கும்? லாக்டவுன் தளர்த்தி மே கடைசில ப்ளேன் விட்டுட்டான். நாங்க ஏர்போர்ட்டுக்கு வந்து வாங்கிக்கினு வந்திருப்போம். கூடப் பொறந்த தம்பி நீ, அவசர அவசரமா மண்ணத் தள்ளிட்டே.

மண்ணு எப்படி மனுசனத் தூக்கும்? இங்க கல்லறைத் தோட்டத்துல உங்கப்பா இருக்காரு. எத்தினி மழை, எத்தினி வெயிலு. அவரு எங்கியும் எழுந்து வரல. நீ சொல்றது எனக்கு நம்பிக்கை இல்ல. ஒண்ணு, நீங்க ஒழுங்கா பொதைக்கல. இல்லன்னா, எனக்குத் தெரியாத வேற ஏதோ இருக்குது.

எதுலயும் கை வெக்காதே. எப்படின்னு மொதல்ல எழுது. பொதைக்கறதுக்கு முன்னாடி அந்த மூணு நாள் என்னா நடந்துதுன்னும் எழுது. போன்ல அழுதுக்கினே சொன்னது எனக்கு ஒண்ணும் புரியல.

பிரவீனா


லடாக்
8 ஜூலை 2025

அண்ணிக்கு,

கை வைக்கவில்லை.

மண் எப்படித் தூக்கும் என்று கேட்டீர்கள். தண்ணீர் உறைந்தால் பெருக்கும், ஃப்ரீஸரில் மறந்து வைத்த பாட்டில் வெடிக்குமே, அதுபோல என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது மட்டும் இல்லை. குளிர் மேலேயிருந்து மெதுவாக மண்ணுக்குள் இறங்குகிறது. எந்த மட்டத்தில் உறைகிறதோ, அந்த மட்டம் அடியில் இருக்கும் ஈரத்தை எல்லாம் தன் பக்கம் இழுக்கிறது, திரி எண்ணெயை இழுப்பது மாதிரி. இழுத்த தண்ணீர் அங்கேயே தகடாக உறைகிறது. குளிர் நீடிக்க நீடிக்க அந்தத் தகடு தடிக்கும், மேலே உள்ள மண்ணைத் தூக்கும். மண்ணோடு சேர்ந்து இறுகிய கல், கம்பம், பலகை எல்லாமே எழும்பும். வெயில் வந்து இளகும்போது, எழும்பிய பொருளுக்கு அடியில் சேறு போய் அடைத்துக்கொள்ளும். அதனால் அது பழைய இடத்துக்கு இறங்குவதே இல்லை. ஒரு குளிருக்கு இரண்டு விரல், நான்கு விரல். அப்படியே வருஷா வருஷம்.

இந்தக் கிராமத்தில் வயலில் கல் பொறுக்காத வசந்தகாலம் கிடையாது. போன வருஷம் பொறுக்கிய வயலில் இந்த வருஷமும் கல் கிடக்கும். ஆற்றோரம் நட்ட மரக்கன்றுகள் குளிர் முடிந்ததும் வேர் தெரிய மேலே வந்து சாய்ந்திருக்கும். காலையில் ஈர மண்ணைப் பார்த்தால் தறியில் ஏற்றிய பாவு இழை மாதிரி மெல்லிய ஐஸ் ஊசிகள் நெருக்கமாக நிற்கும், ஒவ்வொன்றின் தலையிலும் கொஞ்சம் மண் இருக்கும். முதலில் பார்த்தபோது அழகாக இருந்தது. இப்போது பார்க்கப் பிடிப்பதில்லை.

சரளை மேட்டில் இப்படி நடக்காது, அங்கே தண்ணீர் தங்காது. ஓடைப் பக்கத்து நைஸ் மண்ணில்தான் நடக்கும். அண்ணன் இருப்பது ஓடைப் பக்கம்.

ஏன் அங்கே வைத்தேன் என்று கேட்பீர்கள். அந்த மூன்று நாளையும் சொல்கிறேன்.

அண்ணனுக்கு முதலில் இருமல்தான். ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தான். விடியும்போது மூச்சில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் வந்தது. உயரத்தில் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், கீழே இறக்கினால் பிழைத்துக்கொள்வார்கள். இறக்கப் பாதை இல்லை, கணவாயில் பனி மூடியிருந்தது. ராணுவ முதலுதவி முகாம் வரை ஜீப்பில் கொண்டுபோனோம். வழியிலேயே என் மடியில் போய்விட்டான். உங்கள் பெயரைச் சொன்னான் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அவனால் பேச முடியவில்லை அண்ணி. என் சட்டையைப் பிடித்திருந்தான், அவ்வளவுதான்.

காய்ச்சலும் இருந்ததால் எல்லோரும் கொரோனா என்று பயந்தார்கள். சோதனைக்கு எடுத்துப் போன சாம்பிளின் முடிவு கடைசிவரை வரவில்லை. அவனைக் கேம்புக்குள் விட மறுத்தார்கள். நான் தகரக் கொட்டகையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ராத்திரியில் எல்லாம் கல்லாக இருக்கும், உண்மைதான். ஆனால் அந்த உயரத்தில் மத்தியான வெயில் தகரத்தைச் சுட வைத்துவிடும். மூன்றாம் நாள் கொட்டகைக்குள் போனபோது எனக்குப் புரிந்துவிட்டது. அதை மட்டும் விவரமாக எழுதச் சொல்லாதீர்கள்.

மேட்டில் எங்கே அடித்தாலும் கடப்பாரை தெறித்தது. ஓடைப் பக்கம் மட்டும்தான் இறங்கியது. சாணி வறட்டியைக் கொளுத்தி மண்ணை இளக்கி இளக்கித் தோண்டினேன். இடுப்பளவு கூட வரவில்லை, அதற்குள் அடியில் ஐஸ் பாறை. அது கோடையிலும் உருகாத ஐஸ் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அதற்கு மேல் போக முடியவில்லை. ஜெபம் சொல்ல ஆள் இல்லை, நானே சொன்னேன்.

ஒரு மாதம் வைத்திருக்கலாம் என்கிறீர்கள். ஒரு மாதத்தில் விமானம் விடுவார்கள் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் இருக்கிறது. நான் அந்தக் கேம்பில் அடுத்த இரண்டு குளிர்காலமும் இருந்தேன். குளிர் திடீரென்று ஏறும் காலை வேளைகளில் மண் வெடித்து, பலகையைத் தட்டுவது போலச் சத்தம் வரும். அது மண்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எங்களோடு இருந்த ஜார்கண்ட் ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். ஓடைப் பக்கமிருந்து யாரோ வெல்டிங் ராடு கேட்கிறார்கள் என்றார்கள். எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். கேட்கும்போதெல்லாம், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லி வைப்பேன்.

ஜான்சன்


ஐயம்பேட்டை
27 ஜூலை 2025

ஜான்சன்,

நீ எழுதினத எழுத்து எழுத்தா படிச்சேன். வேலைக்குப் போற வேன்ல உக்காந்து படிச்சேன். பக்கத்துல இருந்த பொண்ணு ஏன்க்கா அழறேன்னு கேட்டா. தூசின்னு சொன்னேன்.

என் வேலை என்னான்னு உனக்குத் தெரியாதில்ல. ஸ்ரீபெரும்புதூர் போற ரோட்டுல ஒரு கோல்ட் ஸ்டோரேஜ் இருக்குது. பட்டாணி, மீனு, ஐஸ்கிரீம் எல்லாம் பெட்டி பெட்டியா அடுக்கி வெப்பாங்க. உள்ள மைனஸ் பதினெட்டு. கம்பளி கோட்டு, குல்லா, ரெண்டு ஜோடி கையுறை போட்டுக்கினு உள்ள போவணும். சேலைக் கடையில கணக்கு எழுதிக்கினு இருந்தவ, ஏன் இந்த வேலைக்குப் போறேன்னு எங்கம்மா கேட்டுக்கினே இருந்தாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. அவரு எந்தக் குளிர்ல கெடக்கறாருன்னு தெரிஞ்சிக்கணும்னு போனேன்.

வெளிய கத்திரி வெயிலு கொளுத்தும். கதவத் தொறக்கறப்போ நம்ம ஊரு ஈரக்காத்து உள்ள நொழையும். நொழைஞ்சதும் சுவத்துலயும் குழாயிலயும் ஒட்டிக்கும். தண்ணியா ஆவாது, நேரா ஐஸா ஆயிடும். இலை மாதிரி, முடி மாதிரி அது மேலயே இன்னொண்ணு வளரும். நாங்க அதைச் சுரண்டித் தள்ளணும், இல்லன்னா மெஷினு ஓடாது. நேத்து சுரண்டினது இன்னிக்கு மறுபடி வளர்ந்து நிக்கும். அதனால நீ சொல்றத இப்ப நம்பறேன். குளிரு சும்மா இருக்காது, வேலை செஞ்சிக்கினே இருக்கும்னு எனக்கும் தெரியும்.

ஆனா இதையும் நீ தெரிஞ்சிக்கோ. அந்த ரூமோட கடைசி வரிசையில, மூச்சு புகையா போற எடத்துல, ஒரு ஆளு முதுகக் காட்டிக்கினு நிக்கறாரு. தோளு ஒரு பக்கம் தூக்கினாப்பல இருக்கும். உங்கண்ணன் அப்படித்தான் நிப்பாரு. கிட்டப் போனா பெட்டிங்கதான் இருக்குது. நான் சூப்பர்வைசர்கிட்ட கேட்டு அந்த வரிசையவே வாங்கிக்கினேன். மத்தவங்க அங்க போவ பயப்படறாங்க. எனக்குப் பயம் இல்ல, கோவம்தான். திரும்பிப் பாக்க மாட்டேங்கறாரே.

வெளியவும் அப்படித்தான். வைகாசி கருடசேவை அன்னிக்கு காந்தி ரோட்டுல அவ்ளோ கூட்டம். ஒருத்தரு முதுகப் பார்த்தேன். ஜீவிதாவ பூக்கடைக்காரம்மாகிட்ட விட்டுட்டு அவரு பின்னாடியே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினேன். திரும்பினாரு, யாரோ. அன்னிக்கு எனக்கே என் மேல பயமா இருந்துது. அவரு சாவல, ஓடிப் போயிட்டாரு, நீ மறைக்கிறேன்னு எத்தினியோ நாளு நெனைச்சிருக்கேன். இன்னொரு பொம்பளை, இன்னொரு ஊருன்னு கதை கதையா நெனைச்சிருக்கேன். அப்படி இருந்தா கூட நல்லா இருக்கும்னு நெனைச்சிருக்கேன்.

அதனால சொல்றேன். பெட்டியத் தொறந்து பாரு. அவருதானா பாத்து எழுது. முடியாதுன்னு எழுதாதே.

பிரவீனா


லடாக்
18 ஆகஸ்ட் 2025

அண்ணிக்கு,

நீங்கள் சொன்னதைச் செய்தேன்.

தனியாகப் போக மனம் வரவில்லை. ராமலிங்கம் என்று சேத்துப்பட்டுக்காரர் ஒருவர் இங்கே லாரி ஓட்டுகிறார், அவரை அழைத்துப் போனேன். நல்ல வெயில். ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சுற்றிலும் குட்டையாக மஞ்சள் பூக்கள். ராமலிங்கம் கொஞ்சம் தள்ளித் திரும்பி நின்றுகொண்டார். நான் தார்ப்பாயை எடுத்துவிட்டு ஆணிகளைப் பிடுங்கினேன்.

மூடியின் உட்பக்கம் ஈரமாக இருந்தது. மேலே இருந்த பாதி இளகியிருந்தது. முதுகுப் பக்கம் ஆகஸ்டிலும் ஐஸ்தான், உள்ளே சேறும் குமிழியும் தெரிகிற ஐஸ். போர்த்தியிருந்த கம்பளி அட்டை மாதிரி விறைத்திருந்தது. முகத்தில் கட்டிய துணி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நான் இழுக்கவில்லை. இழுக்கச் சொல்லி நீங்கள் எழுதினாலும் இழுக்க மாட்டேன்.

கைகளை நான் எப்படிக் கோத்து வைத்தேனோ அப்படியே இருந்தன. வலது கட்டைவிரலுக்குக் கீழே, ஒரகடத்தில் வேலை செய்தபோது உருகின இரும்பு விழுந்து சுட்ட தழும்பு இருக்குமே, அரைவட்டமாக. அது இருக்கிறது. அண்ணன்தான். நீங்கள் எப்படி நினைத்தாலும் சரி அண்ணி, அது ஜோசுவாதான். ஓடிப்போகவில்லை, யாரோடும் போகவில்லை. உங்களிடமிருந்து எங்கேயும் போகாமல் ஐந்து வருஷமாக அங்கேயே கிடக்கிறான்.

மூடியை வைத்துத் திரும்ப ஆணி அடித்தேன். ராமலிங்கம் லாரியை ஓட்டிக் கீழே கொண்டுவந்தார். கிராமம் வந்ததும், இது மனுஷனை முடிக்காத ஊருப்பா என்று மட்டும் சொன்னார். அது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இங்கே போன வருஷத்துச் சருகு இந்த வருஷமும் சருகாகவே கிடக்கும். குளிர் மண்ணில் எதுவும் சீக்கிரம் மட்காது. மேலே தள்ளும், ஆனால் விடாது.

சரளை மேட்டில் இப்போது தோண்ட முடியும். அங்கே மாற்றி வைத்தால் மறுபடி எழும்பாது. இல்லை, வேறு என்ன செய்ய வேண்டும் என்றாலும் சொல்லுங்கள். செப்டம்பர் வரைக்கும்தான் நேரம்.

ஜான்சன்


ஐயம்பேட்டை
1 செப்டம்பர் 2025

ஜான்சன்,

தழும்பு. அது ஆறுற வரைக்கும் நான்தான் மருந்து போட்டேன். எனக்கும் அவருக்கும் உனக்கும் தவிர யாருக்கும் அது தெரியாது.

நாலு நாளு வேலைக்குப் போகல. ஜீவிதா அம்மாவுக்குக் காய்ச்சல்னு நெனைச்சி நெத்திய தொட்டுத் தொட்டுப் பார்த்தா. அஞ்சாம் நாளு எழுந்து உக்கார வெச்சி அவகிட்ட சொன்னேன். உங்கப்பா செத்துட்டாரும்மான்னு. தெரியுமேம்மா, நீதான தெரியலன்னு சொல்லிக்கினு இருந்தே அப்படின்னா அவ.

சரளை மேடு வேணாம். இங்க கூட்டிக்கினு வா.

ஏன்னு சொல்றேன். அங்க இருந்தா அவரு அப்படியே இருப்பாரு. நான் கெழவியாவேன், ஜீவிதா பெரியவளாவா, அவரு மட்டும் கோத்த கையோட கெடப்பாரு. எனக்கு அது ஆவாது. நம்ம ஊரு மண்ணு சூடான மண்ணு. எதைப் போட்டாலும் தின்னு முடிச்சிடும். அவருக்கு ஒரு முடிவு வேணும். எனக்கும் வேணும்.

பாதர்கிட்ட பேசிட்டேன். உங்கப்பா பக்கத்துலயே எடம் இருக்குது. தாலுக்கா ஆபீஸுக்கு ரெண்டு வாட்டி போய் இந்தப் பக்கத்துப் பேப்பருக்கு எழுதிக் குடுத்துட்டேன். அந்தப் பக்கத்து அனுமதிய நீ பாரு. முகத்துத் துணிய யாரும் இழுக்க வேணாம். நீ செஞ்சது சரி.

நீயும் கூடவே வரணும்.

பிரவீனா


லடாக்
22 அக்டோபர் 2025

அண்ணிக்கு,

நல்லபடியாகத் திரும்பி வந்து சேர்ந்தேன். டெல்லியிலிருந்து வந்த விமானத்தில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. போகும்போது அண்ணன் கீழே சரக்கு அறையில் இருந்தான். வரும்போது நான் மட்டும்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன். நீங்கள் இட்லி ஊற்றி வைத்துவிட்டு என்னைத் தேடியிருப்பீர்கள். கோபப்பட்டிருப்பீர்கள். அதற்குக் காரணம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டுவிட்டுக் கலைந்த பிறகு, நான் குழியோரம் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் பின்னாலிருந்து வந்து என் முதுகில் கை வைத்தீர்கள். வைத்து, "ஏங்க" என்று கூப்பிட்டீர்கள்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் என் முகத்தைத்தான் பார்ப்பீர்கள். நீங்கள் கையை எடுக்கும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். உங்கள் கை சுடச்சுட இருந்தது. பிறகு ஜீவிதா வந்து உங்களைக் கூட்டிப் போனாள்.

நாங்கள் இரண்டு பேரும் பின்னாலிருந்து ஒன்று போல இருப்போம் என்று அம்மா சொல்லுவார்கள். நான் ஊரில் இருந்தால், வாசலில் நின்றாலும், தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தாலும், நீங்கள் ஒவ்வொரு தடவையும் அவனைப் பார்ப்பீர்கள். நான் திரும்பும்போதெல்லாம் அவன் ஒரு முறை சாவான். அதைச் செய்ய என்னால் முடியாது. அதனால்தான் விடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

வந்த பிறகு மேலே போய் பழைய குழியை மூடினேன். சரளைக் கல்லாகவே போட்டு நிரப்பினேன். இரும்புச் சிலுவையை எடுத்து வந்து கொட்டகையில் வைத்திருக்கிறேன், என்ன செய்வது என்று தெரியவில்லை. முதல் உறைபனி விழுந்துவிட்டது. ராத்திரி மேகமே இல்லை, காற்றும் இல்லை, அப்படிப்பட்ட ராத்திரியில்தான் விழும். காலையில் கூடாரத்துக்கு வெளியே விட்டிருந்த தக்காளிச் செடிகள் எல்லாம் வெயில் பட்டதும் வேகவைத்த மாதிரி கறுத்துத் தொங்கின. இலைக்குள் இருந்த தண்ணீர் உறைந்து உள்ளேயே கிழித்துவிடுகிறது. வெயில் வரும்வரை பச்சையாகத்தான் நிற்கும், பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இங்கே இருக்க இனி எனக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் இருக்கிறேன்.

ஜான்சன்


ஐயம்பேட்டை
14 டிசம்பர் 2025

தம்பி ஜான்சன்,

உனக்கு உடனே எழுதணும்னு நெனைச்சேன். முடியல. என்னா எழுதறதுன்னு தெரியாம ஒரு மாசத்துக்கு மேல போயிடுச்சி.

ஆமா, கூப்பிட்டேன். கையும் வெச்சேன். அங்க நின்னது நீன்னு எனக்குத் தெரியாதுன்னு சொன்னா பொய். தெரியும். மண்ணு போட்டு முடிச்சிட்டாங்க, அதுக்கப்புறம் கூப்பிட எனக்கு எடம் கெடையாது. கடைசியா ஒரு வாட்டி அந்த முதுகப் பார்த்துக் கூப்பிட்டுக்கினேன். நீ திரும்பாம நின்னே பாரு, அதுக்காக உனக்கு நான் என்னா செஞ்சாலும் ஈடாவாது. அஞ்சு வருஷம் நான் யாரு பின்னாடியெல்லாம் ஓடினேனோ அவங்க எல்லாரும் திரும்பிட்டாங்க. நீ ஒருத்தன்தான் திரும்பல.

அதுக்கப்புறம் கடைசி வரிசையில யாரும் நிக்கறதில்ல. பெட்டிங்கதான் இருக்குது. நான் நெசமாவே எட்டி எட்டிப் பார்த்தேன். மொதல்ல பயமா இருந்துது, ஆளில்லாத எடத்தப் பார்த்து. போன வாரம் வேலைய விட்டுட்டேன். மறுபடி சேலைக் கடையில கூப்பிட்டிருக்காங்க. கையெல்லாம் வெடிச்சிருக்குது, பட்டுல கை பட்டா நூலு இழுக்குதுன்னு ஓனரம்மா சொன்னாங்க. தேங்கா எண்ணெ போட்டுக்கினு இருக்கேன். ஆறிடும்.

அதனால நீ சொன்ன காரணம் இனிமே செல்லாது. நீ வாசல்ல நின்னா நான் ஜான்சனத்தான் பார்ப்பேன். ஒருவேளை மொத ரெண்டு நாளு தடுமாறுவேன். தடுமாறினா தடுமாறிட்டுப் போறேன். ஜீவிதாவுக்கு ஏப்ரல் கடைசில லீவு உடறாங்க. அவளுக்கு ஐஸ் ஊரப் பத்திக் கேக்க நெறைய இருக்குதாம், உங்கிட்ட கேக்கறதுக்கு எழுதி வெச்சிக்கினு இருக்கா. வரமாட்டேன்னு உன்னால அவகிட்ட சொல்ல முடிஞ்சா சொல்லு. நான் சொல்ல மாட்டேன்.

இந்த வருஷம் மழை நல்லா பெய்ஞ்சுது. வேகவதியில தண்ணி போச்சி. மழை விட்டதும் நேத்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். உங்கப்பா கல்லறை மேல புல்லு முட்டுக்கால் அளவு நிக்குது. பக்கத்துல உங்கண்ணன் மேல போட்ட மண்ணு நடுவுல குழிஞ்சி ஒரு சாண் எறங்கியிருக்குது. நான் அப்படியே உக்காந்துட்டேன். ஏதோ தப்பா நடந்துடுச்சின்னு நெனைச்சி, குழி வெட்டற முருகேசன் ஓடி வந்தாரு. உள்ள பெட்டி எளகி எடம் குடுக்குது, மழைக்கு மண்ணு அமுங்குது, எல்லாத்துக்கும் இப்படித்தான் ஆவும்மான்னாரு. ரெண்டு கூடை மண்ணு கொட்டி மேடாக்கிடட்டான்னு கேட்டாரு.

வேணாம்ணா, எறங்கற வரைக்கும் எறங்கட்டும்னு சொல்லிட்டேன்.

பிரவீனா